உயரக் கிரணங்களின் ஊர்

ஜெர்மனியில் ஹார்ட்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே, பிரௌன்ஷ்வைக் நகரத்துக்கு அண்மையில், வோல்ஃபன்பியூட்டல் என்னும் சிற்றூர் ஒன்று இருக்கிறது. லைப்னிட்ஸ் என்ற தத்துவ ஞானியும் லெஸ்ஸிங் என்ற நாடகாசிரியரும் பொறுப்பேற்று நடத்திய பெரிய புத்தகசாலையால் அவ்வூர் பெயர் பெற்றது. நான் சொல்லப் புகுந்ததோ அந்தப் புத்தகசாலையின் சரித்திரமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் பாடஞ்சொல்லி வந்த யூலியுஸ் எல்ஸ்டர், ஹான்ஸ் கைட்டல் என்ற இரண்டு உபாத்தியாயர்கள் தொடங்கி வைத்த ஒரு விசாரணையின் சரித்திரம். பால்யம் முதல் பிரியாத நண்பர்களாகிய அவ்விருவரும், சர்வகலாசாலைப் பதவியைப் பெற்றுக்கொள்ளாமல், பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லிவிட்டு, மிஞ்சிய பொழுதில் தம் வீட்டையே ஆராய்ச்சிசாலையாக்கிக்கொண்டு, காற்றில் மின்சாரம் எப்படிக் கசிகிறது என்று பார்த்து வந்தார்கள்.

மூடிய கலத்துக்குள் இரண்டு மெல்லிய தங்கத் தகடுகளைத் தொங்கவிட்டு மின்னேற்றினால் அவை ஒன்றையொன்று வெறுத்து விலகி நிற்கும். காற்று முற்றிலும் மின்சாரத்தைக் கடத்தாத பொருளாயின் அவை என்றென்றும் அப்படியே நிற்க வேண்டும். ஆனால் எவ்வளவு கவனமாக மூடிவைத்தாலும் தகடுகள் மெல்ல மெல்லத் தாழ்ந்து ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. கலத்துக்குள் இருக்கும் காற்றையே ஏதோ ஒன்று இடைவிடாமல் அயனிகளாக உடைத்துக்கொண்டிருக்கிறது என்று 1900-ஆம் ஆண்டை ஒட்டி எல்ஸ்டரும் கைட்டலும் ஜெர்மனியிலும், ஸி. டி. ஆர். வில்ஸன் பிரிட்டனிலும், ஒருவரையொருவர் எதிர்பாராமலே கண்டுகொண்டார்கள். தகடு தாழ்ந்த அந்தச் சிறு அசைவு அலட்சியம் செய்வதற்குரிய அற்ப விஷயம் என்றே எவரும் எண்ணியிருப்பர். அதை அலட்சியம் செய்யாத இரண்டு உபாத்தியாயர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் கிராமப் பள்ளிகளில் வாழ்நாளெல்லாம் உழைத்து மறைந்த பெயரறியாப் பெரியவர்களின் நினைவும் கூடவே வருகிறது.

பூமியில் கலந்துள்ள ரேடியம் முதலிய பொருள்கள் வெளியிடும் காமா கிரணங்களே இதற்குக் காரணம் என்று அக்காலத்தார் சமாதானம் கூறிக்கொண்டனர். அப்படியானால் தரையை விட்டு உயர உயரக் கசிவு குறைய வேண்டும் அல்லவா? தியோடார் வுல்ஃப் என்ற ஜெர்மானிய யேசுசபைத் துறவி, தங்கத் தகடுகளுக்குப் பதிலாக நூலினும் மெல்லிய இழைகளை அமைத்து, தோளில் தூக்கிச் செல்லத்தக்க உறுதியான மின்மானி ஒன்றை வகுத்து, 1910-ஆம் ஆண்டின் வசந்தத்தில் அதைப் பாரிஸுக்கு எடுத்துச் சென்று ஐஃபல் கோபுரத்தின் உச்சியில் வைத்துப் பார்த்தார். 300 மீட்டர் உயரத்தில் அநேகமாக மறைந்துபோயிருக்க வேண்டிய கசிவு பாதியளவுகூடக் குறையவில்லை. கோபுரம் போதாது, ஆகாயத்துக்கே போக வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆகாயத்துக்குப் போனவர் ஆஸ்திரியராகிய விக்டர் ஹெஸ். 1912-ஆம் ஆண்டில் மட்டும் அவர் ஏழு முறை பலூனில் ஏறினார். ஏப்ரல் 17-ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது ஏறிப் பார்த்தும் கிரணங்கள் குறையாமையால், அவற்றின் பிறப்பிடம் சூரியன் அன்று என்று முடிவு செய்தார். ஆகஸ்டு 7-ஆம் நாள், நம் கணக்கில் ஆடி மாதத்துப் பிற்பகுதி, பொஹீமியாவிலுள்ள ஆவுஸ்ஸிக் என்ற ஊரிலிருந்து விடியற்காலையில் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனில் மூன்று மின்மானிகளோடு கிளம்பி, 5,000 மீட்டருக்கும் மேலே சென்று, நண்பகலில் பெர்லினுக்குத் தென்கிழக்கேயுள்ள பாட் ஸாரோவுக்கு அருகில் ஜெர்மானிய மண்ணில் இறங்கினார். முதலில் சற்றுக் குறைந்த கசிவு, பிறகு உயரத்தோடு கூடிக்கொண்டே போய், உச்சியில் தரையில் இருந்ததைவிட மிகவும் அதிகமாகிவிட்டது. மேலிருந்து, ஆகாய மண்டலத்துக்கும் அப்பாலிருந்து, எதையும் ஊடுருவவல்ல கிரணம் ஒன்று வருகிறது என்பதைத் தவிர வேறு பொருள் அதற்கு இருக்கவில்லை.

ஹெஸ் கூறியதைப் பலர் நம்பவில்லை. ஹாலே நகரத்தைச் சேர்ந்த வெர்னர் கோல்ஹொர்ஸ்டர், கருவியில் கோளாறு இருக்கும் என்ற ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே கருவியைத் திருத்தியமைத்து, ஹெஸ்ஸைவிட உயரத்துக்குப் போனார். 1914-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், மூச்சுவிடக் காற்றுப் போதாத 9,300 மீட்டர் உயரத்தில் அவர் அளவெடுத்தார். அங்கே அயனிகள் தரையைவிடப் பன்மடங்கு பெருகியிருந்தன. அந்த நாளைச் சரித்திரம் வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறது: அன்றுதான் ஸரயேவோ நகரத்துத் தெருவில் ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டார். ஆகாயத்தின் ரகசியம் ஒன்று உறுதிப்பட்ட அதே பகலில் ஐரோப்பாவின் நிம்மதி குலைந்தது. ஆராய்ச்சி பல ஆண்டுகள் தடைப்பட்டது.

உயரத்திலிருந்து வருவதால் ஜெர்மானியர் அதற்கு 'ஹோயென்ஷ்ட்ராலுங்', அதாவது உயரக் கிரணம், என்று பெயரிட்டனர். அமெரிக்கராகிய மில்லிகன் 1925-இல் வைத்த 'காஸ்மிக் கிரணங்கள்' என்ற பெயரே பின்னர் உலகெங்கும் நிலைத்தது. பெயர் எதுவாயினும், அவையெல்லாம் மிகுந்த சக்தி படைத்த காமா கிரணங்களே, அதாவது ஒருவகை ஒளியே, என்பதில் பெரும்பாலோருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அந்தக் காலத்தில் அறிந்த பொருள்களுள் காமா கிரணத்தைப்போல ஊடுருவுவது வேறொன்றும் இல்லாமையால் அப்படி நினைத்தது இயல்பே.

அந்த நம்பிக்கையைக் கவிழ்த்ததும் ஜெர்மனியே. 1929-இல் பெர்லினிலுள்ள ராஜாங்க அளவைக் கழகத்தில் வால்ட்டர் போதேயும் கோல்ஹொர்ஸ்டரும், முந்தின ஆண்டு கீல் நகரத்தில் கைகரும் முல்லரும் வகுத்திருந்த எண்ணும் குழாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டும் ஒரே கணத்தில் துடிக்கும் நிகழ்ச்சிகளை மாத்திரம் கணக்கில் எடுத்தார்கள். ஒரு சாட்சியின் சொல்லைத் தள்ளிவிடலாம். தனித்தனியே நிற்கும் இரண்டு சாட்சிகள் ஒரே கணத்தில் ஒன்றையே சொன்னால் எப்படித் தள்ளுவது? பிறகு இரண்டு குழாய்களுக்கும் நடுவே 4 சென்டிமீட்டர் கனமுள்ள தங்கக் கட்டியை வைத்தார்கள். குழாய்களைத் துடிக்கச் செய்தவற்றுள் முக்கால் பங்கு அந்தத் தங்கத்தையும் துளைத்துக்கொண்டு வெளியே வந்தன. காமா கிரணம் மோதித் தெறிக்கவிட்ட அற்ப எலெக்ட்ரான்களால் அது இயலாத காரியம். ஆகவே வருவது ஒளியன்று, மின்னேற்றம் கொண்ட துகள்களே என்ற முடிவு பிறந்தது. பின்வந்த ஆராய்ச்சிகள், விண்வெளியிலிருந்து வருபவற்றுள் மிகப் பெரும்பகுதி புரோட்டான்கள், மிஞ்சியவை ஹீலியம் முதலிய அணுக்கருக்கள், நூற்றில் ஒன்றோ எலெக்ட்ரான்கள் என்று கண்டன.

இந்த முடிவிலிருந்துதான் பெருஞ்சங்கடம் முளைத்தது. நம் ஊர்ப்புறத்தில் புதிதாக ஒருவர் வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்பே எந்த ஊர் என்று கேட்பது வழக்கம்; அவர் வந்த வழியைக் கொண்டே ஊரை ஊகிப்பாரும் உண்டு. காஸ்மிக் கிரணத்திடம் அந்த யுக்தி செல்லாது. ஒளி நேர்கோட்டில் வரும். மின்னேற்றம் கொண்ட துகளோ பால்வீதி மண்டலமெங்கும் பரவியுள்ள காந்தப்புலங்களால் வளைக்கப்பட்டு, திசை மாறி, லட்சக்கணக்கான ஆண்டுகள் அலைந்த பிறகே நம்மை வந்தடைகிறது. எத்திசையிலிருந்தும் ஒரே அளவாக வரும் அத்துகள்களைப் பார்த்து, இவை பிறந்த இடம் இது என்று சுட்டிக்காட்ட ஒருவராலும் இயலவில்லை.

ஊரை ஊகித்துச் சொன்னவரும் ஜெர்மானியர் ஒருவரே. ஹாம்பர்க் வானாராய்ச்சி நிலையத்திலிருந்து அமெரிக்கா சென்றிருந்த வால்ட்டர் பாடே, ஸ்விக்கி என்பவரோடு சேர்ந்து 1934-இல் எழுதிய சிறு கட்டுரைகளில், பெரிய நட்சத்திரங்கள் தம் அந்திமத்தில் வெடித்துச் சிதறுகின்றன என்றும், அவ்வெடிப்பின் எச்சமாக நியூட்ரான்களே செறிந்த சிறு நட்சத்திரம் ஒன்று மிஞ்சும் என்றும், காஸ்மிக் கிரணங்கள் அவ்வெடிப்புகளில் பிறக்கின்றன என்றும் கூறினார். நியூட்ரான் என்ற துகளே கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன! அதே பாடே, தம் நாட்டவராகிய ருடால்ஃப் மின்கௌஸ்கியோடு 1942-இல், 1054-ஆம் ஆண்டில் சீனர் கண்டு குறித்துவைத்த வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவை ஆராய்ந்து, அதன் நடுவிலுள்ள மங்கலான நட்சத்திரம் ஒன்றைச் சுட்டி, வெடித்துப்போன விண்மீனின் மிச்சம் இதுவாகவே இருக்கலாம் என்றார். வினாடிக்கு 30 முறை சுழன்று துடிக்கும் பல்சர், அதாவது நியூட்ரான் நட்சத்திரம், அதுவே என்று 1969-இல் நிரூபணமாயிற்று. ஒருவர் செய்த ஊகம் 35 ஆண்டுகளுக்குப் பின் இப்படிக் கண்முன் துடித்துக் காட்டியது விஞ்ஞான சரித்திரத்தில் அபூர்வம்.

மின்கௌஸ்கி அமெரிக்காவில் இருந்ததற்குக் காரணம் மனத்தை வருத்துவது. 1933-இல் அதிகாரத்துக்கு வந்த நாஜி அரசாங்கம், யூதக் குருதி உடையவர் என்பதற்காக அவரை ஹாம்பர்க்கிலிருந்து வெளியேறச் செய்தது. ஆழமான போடன்ஸே ஏரிக்குள் கருவியை இறக்கியும், ஆளில்லாத பலூனில் 20 கிலோமீட்டருக்கும் மேலே ஏற்றியும் உயரக் கிரணங்களை அளந்த ஸ்டுட்கார்ட் பேராசிரியர் எரிக் ரேகனர், மனைவி யூத வம்சத்தவர் என்ற காரணத்தால் 1937-இல் பதவி இழந்தார். 1936-இல் நோபல் பரிசு பெற்றிருந்த ஹெஸ்ஸும் 1938-இல் ஆஸ்திரியாவை விட்டு ஓட நேர்ந்தது. கார்ல்ஸ்ரூவேயில் பிறந்து கெட்டிங்கனில் பணியாற்றிய வால்ட்டர் ஹைட்லர் 1933-இல் பிரிஸ்டல் நகரத்தில் அடைக்கலம் புகுந்தார். தன் அறிவைத் தானே விரட்டியடித்த நாட்டுக்கு நேர்ந்த நஷ்டத்தைக் கணக்கிட எந்த அளவுகோலும் போதாது.

ஆயினும் ஹைட்லரின் பிரவாசத்தால் நமக்கு ஒரு சொந்தம் உண்டாயிற்று. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நம் ஹோமி பாபாவும் அவரும் சேர்ந்து 1937-இல் வெளியிட்ட கட்டுரையே, உயரக் கிரணங்கள் பொருளுக்குள் நுழைகையில் துகள் மழை உண்டாவது எப்படி என்பதை விளக்கிற்று. சக்தி மிகுந்த காமா கிரணம் ஓர் அணுவின் அருகே எலெக்ட்ரானும் பாஸிட்ரானுமாகப் பிளக்கிறது. அவை ஒவ்வொன்றும் வேறு அணுக்களின் அருகே வேகம் தணியும்போது புதிய காமா கிரணங்களை உமிழ்கின்றன. அவை மறுபடியும் பிளக்கின்றன. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, ஆகாயத்தின் உச்சியில் விழுந்த ஒற்றைத் துளி சில கிலோமீட்டருக்குள் லட்சக்கணக்கான துகள்களின் பெருமழையாகிவிடுகிறது. அகதியான ஜெர்மானியரும் இந்திய இளைஞரும் அன்று எழுதிய அக்கணக்குதான், இன்று காமா தொலைநோக்கிகள் காணும் ஒவ்வொரு காட்சிக்கும் பொருள் சொல்கிறது.

மின்னேற்றமுள்ள துகள் ஊர் சொல்லாவிட்டாலும், அது பிறந்த இடத்திலேயே சுற்றியுள்ள வாயுவோடும் ஒளியோடும் மோதிக் காமா கிரணத்தை உண்டாக்குமானால், அக்காமா கிரணம் வளையாமல் நேரே வந்து ஊரைக் காட்டிக்கொடுக்கும். உயரக் கிரணமே காமா கிரணம் என்று முன்னோர் நினைத்தது பிழையாயினும், அப்பிழையில் வந்த காமா கிரணமே கடைசியில் வழிகாட்டியாயிற்று. இக்காமா கிரணங்கள் அபூர்வமாக வருபவை. ஆகாயம் அவற்றைத் தரைக்கு விடுவதும் இல்லை. ஆனால் அவை எழுப்பும் துகள் மழை, காற்றில் ஒளி செல்லும் வேகத்தையும் விஞ்சி ஓடுவதால், வினாடியின் சில நூறுகோடிப் பங்கு நேரமே நிற்கும் நீலநிறச் செரன்கோவ் ஒளி ஒன்றைச் சிந்துகிறது. அமாவாசை இருளில் பெரிய கண்ணாடிகளை விரித்துவைத்து அந்த ஒளியைப் பிடிக்கலாம். பல்சர்கள் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து நம் உதகமண்டலத்திலேயே டாட்டா ஆராய்ச்சிக் கழகத்தார் தேடுவிளக்குக் கண்ணாடிகளைக் கொண்டு இம்முயற்சியில் இறங்கினர். சந்தேகத்துக்கு இடமின்றி வெற்றி கண்டது அமெரிக்காவின் விப்பிள் தொலைநோக்கி. 1989-இல் அது கண்ட முதற்பொருள் நண்டு நெபுலா.

ஜெர்மனியில் இத்துறை மறுபிறவி எடுத்த விதம் விசித்திரமானது. 1983-இல் கீல் சர்வகலாசாலையார், சிக்னஸ் எக்ஸ்-3 என்ற இரட்டை நட்சத்திரத்திலிருந்து மிகப் பெருஞ்சக்தி கொண்ட காமா கிரணங்கள் 4.8 மணிக்கு ஒருமுறை எழுந்து தணிவதாகத் தம் கருவிகளில் கண்டு அறிவித்தனர். காஸ்மிக் கிரணங்களின் ஊர் அகப்பட்டுவிட்டது என்று உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. கண்டம்தோறும் கருவிகள் முளைத்தன. பெரிய கருவிகள் பல ஆண்டுகள் பார்த்தும் அந்தக் கிரணங்கள் மறுபடி தென்படவில்லை. கீல் நகரத்தார் தொடங்கி, ஹைடல்பெர்க், மூனிக் முதலிய ஊர்களின் ஆராய்ச்சியாளர் சேர்ந்து கேனரித் தீவுகளில் லா பால்மா மலைமேல் அமைத்த ஹெக்ரா என்ற நிலையமும் சிக்னஸ் எக்ஸ்-3-இல் ஒன்றும் காணவில்லை. ஆனால் அத்திசையில் எடுத்த படங்களை ஆராய்ந்தபோது, அதிலிருந்து பூரணச் சந்திரனின் அகலத்துக்கு அப்பால், எவரும் தேடாத இடத்தில், காமா கிரண ஊற்று ஒன்று நிலையாக ஒளிர்வதைக் கண்டு 2002-இல் வெளியிட்டனர். அந்த இடத்தில் எக்ஸ்ரே, ரேடியோ முதலிய எந்த வகையிலும் அடையாளம் சொல்லத்தக்க பொருள் தெரியவில்லை. ஏழு ஆண்டுகளுக்குப் பின் ஃபெர்மி விண்கலம் அங்கே ஒரு பல்சரைக் கண்டது. பிழையான அறிவிப்பு ஒன்றைப் பின்பற்றிப் போனவர்கள் அதன் அருகிலேயே மெய்யான ஊற்று ஒன்றைக் கண்டெடுத்தனர்; தம் கருவியை நம்பி, காணாததைக் காணவில்லை என்று சொன்ன நேர்மைக்குக் கிடைத்த பலன் அது என்றே நான் கருதுகிறேன்.

பல்சர் என்பது கலங்கரை விளக்கம் மாத்திரம் அன்று. சுழலும்போது அது தன் சுழற்சிச் சக்தியைச் சிறிது சிறிதாக இழந்து, எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் கலந்த ஒரு கடுங்காற்றாக வீசுகிறது. அக்காற்று சுற்றியுள்ள வாயுவில் மோதி நிற்கும் விளிம்பில் துகள்கள் மேலும் மேலும் முடுக்கப்பட்டு, விண்வெளியெங்கும் நிறைந்துள்ள பழைய மந்த ஒளியைத் தாக்கி, அதையே காமா கிரணமாக உயர்த்திவிடுகின்றன. இவ்விதம் ஒளிரும் மண்டலத்தைப் பல்சர் காற்று நெபுலா என்பர்.

போதேயைக் குறித்து ஒரு செய்தி இங்கே சொல்ல வேண்டும். ஹைடல்பெர்க்கில் அவர் தலைமையில் இருந்த பௌதிகப் பகுதியே, அவர் காலமான மறுவருஷம், 1958-இல், வொல்ஃப்காங் கென்ட்னரின் தலைமையில் மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு ஆராய்ச்சிக் கழகமாயிற்று. அந்தக் கழகத்தில் ஹெய்ன்ரிஹ் ஃபோல்க், ஃபெலிக்ஸ் அகரோனியன், வெர்னர் ஹொஃப்மன் முதலியோர் ஹெக்ராவில் பழகிய அனுபவத்தைக் கொண்டு வகுத்த பெருந்திட்டத்துக்கு ஹெஸ்ஸின் பெயரையே வைத்தனர். தென்வானம் தெரியவேண்டி அவர்கள் தேர்ந்தெடுத்த இடம், ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டுக் காம்ஸ்பெர்க் மலைக்கு அருகே, 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோமாஸ் பீடபூமி. அந்த நாடு 1884 முதல் 1915 வரை ஜெர்மானியக் காலனியாக இருந்தது. ஹெரேரோ, நாமா என்ற மக்கள் பல்லாயிரவர் 1904-க்கும் 1908-க்கும் இடையே அங்கே கொன்று தீர்க்கப்பட்டார்கள். அது இனக்கொலையே என்று ஜெர்மானிய அரசாங்கம் ஒப்புக்கொண்டது 2021-இல்தான். அந்த வானத்தின் தெளிவைப் புகழ்ந்து எழுதுவோர் அந்த மண்ணின் துயரத்தையும் மறவாமல் எழுதுவதே முறை.

120 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு தொலைநோக்கிகள். ஒவ்வொன்றிலும் நூறு சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட கண்ணாடிப் பரப்பு. ஒவ்வொரு காமிராவிலும் 960 ஒளிக்கண்கள். நான்கும் ஒரே மழையை நான்கு கோணங்களிலிருந்து பார்த்து, அது எத்திசையிலிருந்து வந்ததென்று சொல்லும். போதேயின் இரண்டு சாட்சிகள் நான்காகிவிட்டன. 2003-இன் இறுதியில் நான்கும் முழுமை பெற்றன. அடுத்த ஆண்டே, வெடித்த நட்சத்திரம் ஒன்றின் ஓடு காமா கிரணத்தில் வளையம்போல் ஒளிர்வதைப் படமாகப் பிடித்து வெளியிட்டனர். பாடேயின் ஊகத்துக்குக் கண்கூடான ஆதரவு கிடைத்ததாக யாவரும் மகிழ்ந்தனர்.

பின்னர் 2004 முதல் 2013 வரை ஏறத்தாழ 2,700 மணி நேரம் பால்வீதியைத் துருவிப் பார்த்து 2018-இல் வெளியிட்ட பட்டியலில் 78 ஊற்றுகள் இருந்தன. இன்னதென்று உறுதியாகச் சொல்லத்தக்கவை 31. அவற்றுள் 12 பல்சர் காற்று நெபுலாக்கள். வெடித்த ஓடுகளே வானத்தை நிறைத்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது வியப்பு. அந்த நெபுலாக்களுள் சுமார் 13,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒன்றில், சக்தி குறைந்த கிரணங்கள் வெகுதூரம் பரவியும், சக்தி மிகுந்தவை பல்சரை ஒட்டிச் சுருங்கியும் காணப்பட்டன. சக்தி மிகுந்த எலெக்ட்ரான் விரைவில் வற்றிப்போவதால் நெடுந்தூரம் நடக்க முடிவதில்லை. வயது முதிர்ந்து தளர்ந்தவையே விளிம்புவரை போய்ச் சேருகின்றன. ஒரு பல்சரின் இருபதாயிரம் ஆண்டுச் சரித்திரம் அங்கே நிறபேதமாக விரிந்து கிடக்கிறது. நான் அறிந்த விண்வெளிப் படங்களுள் இவ்வளவு அறிவூட்டுவது வேறில்லை.

இதில்தான் விசாரணையின் முடிச்சும் இருக்கிறது. பல்சர் காற்று நெபுலாக்கள் எலெக்ட்ரான்களின் ஊர்கள்; நம்மேல் பொழியும் உயரக் கிரணங்களோ பெரும்பாலும் புரோட்டான்கள். மிகப் பிரகாசமாகத் தெரியும் ஊர்கள், நாம் தேடிய ஊர்களாக இல்லை. கார்ல்ஸ்ரூவேயில் 1996 முதல் இயங்கிய காஸ்கேட் என்ற துகள்மானி வரிசை, சுமார் முப்பது கோடி கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்திக்கு மேல் காஸ்மிக் கிரணங்கள் சட்டென்று அருகத் தொடங்குவதற்கு இலேசான அணுக்கருக்களின் வீழ்ச்சியே காரணம் என்று காட்டிற்று. ஆகவே நம் பால்வீதியில் புரோட்டான்களை அந்தச் சக்திவரை முடுக்கிவிடும் இடம் எங்கோ இருந்தாக வேண்டும். 2016-இல் ஹெஸ் குழுவினர் பால்வீதியின் மையத்தில் அத்தகைய இடம் ஒன்றன் அடையாளம் கண்டனர். 2021-இல் சீனாவின் லாஸோ நிலையம் நண்டு நெபுலாவிலிருந்தே பத்துக் கோடி கோடி எலெக்ட்ரான் வோல்ட்டையும் கடந்த காமா கிரணம் வந்ததை அறிவித்தது. பாடே சுட்டிய அந்த மங்கலான விண்மீன், எலெக்ட்ரான்களை எவரும் நினையாத எல்லைவரை முடுக்குகிறது.

1912-இல் ஹெஸ் இறங்கிய பாட் ஸாரோவில், 2012 ஆகஸ்டில் நாற்றிசை விஞ்ஞானிகளும் கூடி நூற்றாண்டைக் கொண்டாடினார்கள். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னே கோமாஸ் பீடபூமியில், 28 மீட்டர் அகலக் கண்ணாடியோடு ஐந்தாவது தொலைநோக்கி முதன்முதலாக ஒளி கண்டது. 2023-இல் ஹெஸ் குழுவினர், நம்மிலிருந்து ஆயிரம் ஒளியாண்டுக்கும் குறைவான தொலைவிலுள்ள வேலா பல்சரின் துடிப்பில் இருபது லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுள்ள கிரணங்களைக் கண்டதாக எழுதினார்கள். பல்சர்கள் அவ்வளவு சக்தியைத் தம் துடிப்பில் எவ்விதம் பெறுகின்றன என்பதற்கு அதுவரை எழுதப்பட்டிருந்த கணக்குகள் போதவில்லை. மறுவருஷம், ஆகாயத்தில் எங்கும் நிறைந்து வரும் எலெக்ட்ரான்களை நாற்பது லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட்வரை எண்ணிக் காட்டினார்கள். அவ்வளவு சக்தியுள்ள எலெக்ட்ரான் சில ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலிருந்து வந்துசேர இயலாது. ஆகவே அவற்றின் ஊர் நமக்கு அண்டை வீடுபோல் அருகில் இருக்க வேண்டும். அது எந்தப் பல்சர், அல்லது எந்த வெடிப்பின் எச்சம் என்பதைக் கோமாஸ் பீடபூமியில் சந்திரன் மறைந்த இரவுகளில் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.